பம்பாயின் கொல்லைப்புறம்

1661-இல் போர்ச்சுக்கல் அரண்மனை தன் வீட்டுப் பெண் கேதரினை இங்கிலாந்து ராஜா இரண்டாம் சார்லசுக்குப் பேசி முடித்தபோது, சீர்வரிசையில் பம்பாயையும் சேர்த்தது. மாப்பிள்ளை சீரை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. 1668-இல் வருஷத்துக்குப் பத்துப் பவுன் வாடகைக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலையில் கட்டிவிட்டார். அந்தச் சீர்வரிசையில், இன்று பம்பாயின் புறநகராக இருக்கும் செம்பூர் கிடையாது. அது போர்ச்சுக்கீசியர் கையிலேயே தங்கிவிட்டது.

பங்காளிப் பகை தொடங்க அது போதும். கம்பெனிக்காரர்கள் சயான் குன்றின் மேல் கோட்டை கட்டி, 'எங்கள் எல்லை இதோடு சரி' என்றார்கள். கோட்டையில் இன்று மிச்சமிருப்பது இடிந்த சுவர்களும் காதலர்களும்தான். எல்லைக் காவல் மட்டும் தொடர்கிறது. செம்பூரில் ஆட்டோ ஏறி மாட்டுங்கா போகச் சொல்லிப் பாருங்கள்: "சயான்தான், அதுக்கு மேல அலவ் இல்ல." சயானுக்குத் தெற்கே ஆட்டோ ஓடக்கூடாது என்பது இந்த நகரத்துச் சட்டம். சீர்வரிசையில் வந்த ஊருக்கு டாக்சி, வராத ஊருக்கு ஆட்டோ.

செம்பூரின் நிஜமான சரித்திரம் எலியிலிருந்து தொடங்குகிறது. 1896-இல் பம்பாயில் பிளேக் வந்தது. எலியும் மனிதர்களும் செத்து விழ, நகரசபைக்குச் சுத்தத்தின் மேல் திடீர்ப் பக்தி பிறந்தது. குப்பையை எங்கே கொட்டுவது? கொல்லைப்புறத்தில்தான். 1897-இல் செம்பூரை ஒட்டிய தேவ்னார் சதுப்பில் 823 ஏக்கர் வாங்கிப் போட்டார்கள். 1906-இல் குர்லாவிலிருந்து செம்பூருக்கு ரயில் பாதை போட்டார்கள், அதுவும் கச்ரா, அதாவது குப்பை, ஏற்றிச் செல்வதற்காகவே. மனிதர்கள் அதில் ஏற 1924 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஹார்பர் லைனில் காலை எட்டரை மணிக்குத் தொங்கிக்கொண்டு போகும் அன்பர்கள் இதை நினைத்து ஆறுதல் கொள்ளலாம். அவர்கள் ஏறியிருப்பது முன்னாள் குப்பை வண்டிப் பாதை. குப்பைக்காவது உட்கார இடம் கிடைத்திருக்கும்.

1927-இல் வெள்ளைக்காரக் கனவான்கள் இங்கேயே கோல்ஃப் கிளப்பும் தொடங்கினார்கள். ஒரு பக்கம் கச்ரா, ஒரு பக்கம் கோல்ஃப். காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்று விசாரித்துத்தான் இடம் பார்த்திருப்பார்கள் என்று நம்புவோம்.

ருசி கண்ட நகரம் சும்மா இருக்குமா? தனக்கு வேண்டாததையும், வேண்டும் ஆனால் பக்கத்தில் வேண்டாம் என்பதையும் செம்பூர்ப் பக்கம் அனுப்பிக்கொண்டே இருந்தது. பிரிவினையில் ஊரிழந்து வந்த சிந்திக்காரர்களுக்கு முகாம் இங்கே. அவர்கள் புண்ணியத்தில் செம்பூர் கேம்ப்பில் இன்றும் காலையில் தால் பக்வான் மணக்கிறது. 1948-இல் ராஜ்கபூர் ஆர்.கே. ஸ்டூடியோவைக் கட்டினார், 2017-இல் தீப்பிடித்தது, பிறகு விற்றுவிட்டார்கள், இப்போது அங்கே அடுக்குமாடிக் குடியிருப்பு. ஐம்பதுகளில் மாஹுலுக்கு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள், அறுபதுகளில் உரத் தொழிற்சாலை. 1956-இல் ட்ராம்பே மலையின் மறுபக்கத்தில் அணு உலை 'அப்சரா', ஆசியாவுக்கே முதலாவது. அப்சரஸ் இறங்கி வந்ததும் இந்தக் கொல்லைக்குத்தான்.

தமிழர்களாகிய நாம் இங்கே வந்ததும் ஏறக்குறைய அதே கணக்கில்தான். முதலில் குடியிருந்த மாட்டுங்காவில் இடம் நிரம்பி வாடகை ஏறியதும், "ஏன்னா, செம்பூர்ல ரெண்டு ரூமும் கிச்சனும் இருக்காமே" என்று மாமிகள் ஆரம்பித்தார்கள். மாமாக்களுக்கு வேறு வழி? தமிழனும் பாலக்காட்டானும் ஓரிடத்தில் பால் காய்ச்சினால் அடுத்து என்ன நடக்கும் என்பது உலகறிந்தது: ஒரு பஜனை, ஒரு சபா, ஒரு கோயில், கோயில் கமிட்டியில் ஒரு சண்டை. செம்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் வந்தது. செட்டா நகர் மேட்டில் முருகன் வந்து உட்கார்ந்துகொண்டு, ஊருக்கு 'திரு' பட்டம் கொடுத்து, 'திருச்செம்பூர் முருகன்' ஆனார். திருச்செந்தூரில் அவருக்குக் கடல் காற்று. இங்கே உர வாசனை கலந்த காற்று. பக்தர்களும் அதையேதான் சுவாசிக்கிறார்கள் என்பதால் புகார் சொல்லவில்லை போலும்.

சபாவும் சாம்பாரும் ஒரு வகைத் தமிழர்கள். இன்னொரு வகையை நம் மலர்களும் மான்மியங்களும் லேசாகத் தாண்டிப் போய்விடும். நகரத்துக்குள் குடிசை போட்டவர்களைக் கிளப்பிக்கொண்டு வந்து ட்ராம்பே ஓரத்தில் விட்டார்களே, அந்த ஜனதா காலனி. தமிழர்கள் நிறைய இருந்த இடம். 1963-இல் கோலார் தங்கவயலிலிருந்து தச்சு வேலைக்குப் பம்பாய் வந்த ஜோக்கின் அற்புதம் அங்கே போய்ச் சேர்ந்தார். மலை மலையாகக் குப்பை; அள்ள நகரசபை வரவில்லை. ஊர்க் குப்பைக்கெல்லாம் ரயில் விட்டவர்களுக்கு இந்தக் காலனி மட்டும் கண்ணில் படவில்லை.

அற்புதம் மனு எழுதி நேரத்தை வீணாக்கவில்லை. காலனிப் பிள்ளைகளை "பிக்னிக் போகலாம்" என்று கூப்பிட்டார். ஆளுக்கு ஒரு பொட்டலம், பழைய பேப்பரில் மடித்தது. பிள்ளைகள் ஊர்வலமாகப் போனார்கள். பொட்டலத்தில் இருந்தது புளியோதரை அல்ல, காலனிக் குப்பை. நகரசபை ஆபீஸ் வாசலில் அத்தனையையும் கொட்டிவிட்டுத் திரும்பினார்கள். அதன் பிறகு அதிகாரிகளுக்குக் காலனிக்கு வழி தெரிந்தது. குப்பை வந்த வழியே திரும்பிப் போனதாக இந்த வட்டாரத்துச் சரித்திரத்தில் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். சபா மேடையில் இதற்கொரு வில்லுப்பாட்டு போட்டிருக்க வேண்டும், போடவில்லை.

நகரம் மறக்கவில்லை. எமர்ஜென்சி சமயம், 1976 மே மாதம், சுமார் எழுபதாயிரம் பேரை அங்கிருந்து கிளப்பிச் சீத்தா கேம்ப் சதுப்பில் கொண்டுபோய் விட்டார்கள். அணுசக்தி மையத்துக்கு அந்த இடம் தேவைப்பட்டதாம். அற்புதத்துக்கு 2000-இல் மக்சேசே, 2011-இல் பத்மஸ்ரீ. விருது வந்தது, ஜனதா காலனி வரவில்லை.

இந்தக் கூத்தில் லாபம் பார்த்தது பூநாரைதான். தொண்ணூறுகளிலிருந்து மாஹுல், சிவ்ரி சேற்றில் ஆயிரக்கணக்கில் வந்திறங்குகிறது. நகரத்துச் சாக்கடை கழிமுகத்தில் கலக்க, அதில் பாசி கொழிக்க, அதைத் தின்று இறகெல்லாம் ரோஜா நிறம். பின்னால் ஆலைப் புகைபோக்கி, முன்னால் அலையாத்திக் காடு, நடுவில் ஒற்றைக்கால் தவம். நம் கழிவுநீரைக் குடித்து இவ்வளவு அழகாக ஆன ஜீவன் வேறெதுவும் இல்லை. தாணே கழிமுகத்தைச் சரணாலயமாக 2015-இல் அறிவித்தார்கள். 2022-இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் ஏறிவிட்டது. பறவைக்குப் பட்டா! அதே மாஹுலில், வேறிடங்களில் வீடு இடிபட்ட மனிதர்களைக் குடிவைத்தபோது, இந்தக் காற்றில் யாரையும் கட்டாயப்படுத்தி இருக்க வைக்காதே என்று 2019-இல் உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

பூநாரை பார்க்கப் போகிறவர்கள் நவம்பருக்கும் மே மாதத்துக்கும் நடுவில், கடல் வற்றும் நேரம் விசாரித்துக்கொண்டு போங்கள். தண்ணீர் ஏறிவிட்டால் சேறும் இல்லை, பறவையும் இல்லை.

தாராவிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. 2024 அக்டோபரில் மாநில அரசு தேவ்னார் குப்பை மேட்டில் 124 ஏக்கரைத் தாராவிச் சீரமைப்புக்கு ஒதுக்கியிருக்கிறது, தாராவியிலேயே வீடு கிடைக்கத் தகுதியில்லை என்று தள்ளப்படுகிறவர்களுக்காக. அப்படி ஒரு நோட்டீஸ் உங்கள் கைக்கு வந்தால், பழைய பேப்பரைக் கடையில் போடாமல் எடுத்து வையுங்கள். பிள்ளைகளைப் பிக்னிக் கூட்டிப்போக வேண்டியிருக்கும்.