21 நாள் நோட்டும் மொய் நோட்டும்

நரிக்குடி மாமா அவர்கள் சமூகத்துக்கு, லண்டன் ஈஸ்ட் ஹாமிலிருந்து மருமகன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. அவ்விடத்து நலமும், கண்மாயில் தண்ணீர் நிற்கிறதா அல்லது வழக்கம்போல் கருவேலம்தான் நிற்கிறதா என்பதும் அறிய ஆவல்.

கொரோனாக் காலத்தில் இங்கிலாந்தில் குடிக்கப் போனவர்கள் வாசலிலேயே பெயரும் செல்பேசி எண்ணும் எழுதிக்கொடுத்த பிறகுதான் உள்ளே விடப்பட்டார்கள் என்று கேள்விப்பட்டது மெய்தானா, மெய்யென்றால் சூடு சொரணை உள்ள எவன் அப்படி எழுதிக்கொடுப்பான் என்பது மாமா அவர்கள் கேட்டனுப்பிய கேள்வி. முதற் பாதிக்கு விடை, மெய்தான் என்பது. இரண்டாம் பாதிக்கு விடை சற்று நீளமானது, ஏனெனில் எழுதிக்கொடுத்தவர் பலர், எழுதிக்கொடுத்ததெல்லாம் அவரவர் பெயர்தான் என்று சொல்வதற்கில்லை.

முதலில், இங்குள்ள பப்பை டாஸ்மாக் பாராக மனத்தில் வைத்துக்கொண்டால் இம்மடலில் எதுவும் விளங்காது. பப் என்பது ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு இருக்கும் குடிக்கூடம்; ஞாயிற்றுக்கிழமை மதியம் பிள்ளைகுட்டிகளோடு வந்து வாட்டிய இறைச்சியும் உருளைக்கிழங்கும் சாப்பிடுவார்கள், சில இடங்களில் நாய்க்கும் அனுமதி உண்டு, முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு பின்வாசல் வழியாக நுழையும் வழக்கம் அறவே இல்லை. பீரை அளக்கும் பைன்ட் என்ற அளவு 568 மில்லி, அதாவது மூன்று குவாட்டருக்குச் சற்று மேலே. ஆனால் ஒரே பைன்டை இரண்டு மணி நேரம் கையில் வைத்துக்கொண்டு மழையைப் பற்றியே பேசித் தீர்க்கும் கிழவர்களைப் பார்த்தால், நரிக்குடியில் பெய்யாத மழைக்கும் சேர்த்து இவர்கள்தான் பேசுகிறார்களோ என்று தோன்றும்.

இத்தகைய பப்புகள் 2020 மார்ச் 20 அன்று மூடப்பட்டு, ஜூலை 4 அன்று இங்கிலாந்தில் மீண்டும் திறக்கப்பட்டபோது, வருவோரின் பெயர், தொலைபேசி எண், வந்த நேரம் ஆகியவற்றைக் குறித்து 21 நாள் வைத்திருக்க வேண்டும் என்று அரசு கேட்டுக்கொண்டது. இது தொடர்பறிதல் என்னும் முறையின் ஒரு கண்ணி. தொற்று உறுதியானவர் இன்ன நாளில் இன்ன பப்பில் இருந்தேன் என்று சொன்னால், சுகாதாரத் துறையினர் அந்தப் பப்பிடம் பட்டியலை வாங்கி, அதே நேரத்தில் அங்கே இருந்தவர்களை அழைத்து எச்சரிப்பார்கள் என்பதே அதன் ஏற்பாடு. 21 நாள் என்ற கணக்கும் மனம்போன போக்கில் வந்ததன்று. கிருமி உடலில் பதுங்கியிருக்கக்கூடிய 14 நாளோடு, பரிசோதித்துத் தொடர்பைத் தேடிப் பிடிக்க ஒரு வாரம் சேர்த்தது அது. முதலில் வெறும் வேண்டுகோளாக இருந்த இது, செப்டம்பர் 18 முதல் சட்டமாகி, பட்டியல் வைக்காத கடைக்கு 1,000 பவுண்டிலிருந்து தொடங்கும் தண்டத்தோடு நடைமுறைக்கு வந்தது.

சட்டத்தின் கம்பீரம் அப்படி இருக்க, அது வாசலில் வந்து நின்ற கோலம் வேறு. பல பப்புகளில் அது பள்ளிக்கூடப் பிள்ளையின் கோடுபோட்ட நோட்டு. பக்கத்தில் நூலால் மேசையோடு கட்டப்பட்ட ஒரு பேனா, அந்தப் பேனாவைத் தொட்டவர்கள் தேய்த்துக்கொள்ள ஒரு சானிடைசர் புட்டி. கிருமியைத் துரத்துவதற்காக வைத்த பேனாவை நூறு பேர் தொட்டார்கள் என்பது ஒருபுறம். எழுதக் குனிந்தவருக்கு, முன்னால் வந்தவர்கள் அத்தனை பேரின் பெயரும் எண்ணும் கண்ணுக்கு நேரே விரிந்து கிடந்தன என்பது மறுபுறம். தகவல் ஆணையர் அலுவலகம் என்று இங்கே ஓர் அமைப்பு உண்டு. பிறருடைய தனிப்பட்ட விவரங்களை வாங்கி வைத்திருப்பவர்கள் ஒழுங்காக நடந்துகொள்கிறார்களா என்று கண்காணிப்பது அதன் வேலை. எல்லாருக்கும் தெரியும்படி நோட்டைத் திறந்து வைக்காதீர்கள், தேவைக்கு மேல் கேட்காதீர்கள், எதற்காகக் கேட்கிறோம் என்பதைச் சொல்லுங்கள், வேறு வேலைக்கு எடுக்காதீர்கள், 21 நாள் முடிந்ததும் அழித்துவிடுங்கள் என்று அது கடைக்காரர்களுக்குப் பாடம் எடுத்தது. அதன் பிறகு நோட்டு போய்த் துண்டுச்சீட்டும், சீட்டைப் போட உண்டியல் மாதிரி ஒரு பெட்டியும் வந்தன.

அந்தச் சீட்டில் நம்மவர்களுக்கு ஒரு சிக்கல் இருந்தது. குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம். நமக்கோ குடும்பப் பெயர் கிடையாது, இருப்பது தகப்பனார் பெயர்தான், அதுவும் ஊரில் ஓர் எழுத்தாகச் சுருங்கி முன்னால் நிற்கும். கடவுச்சீட்டு எடுக்கும்போது அந்த எழுத்து முழுப்பெயராக விரிந்து பின்னால் போய் உட்கார்ந்துகொள்கிறது. இங்குள்ளவர்கள் மரியாதைக்குக் குடும்பப் பெயரைச் சொல்லி அழைப்பவர்கள் ஆதலால், ஆயுளில் ஒயின்ஷாப் இருக்கும் தெருப்பக்கம்கூடத் தலைவைத்துப் படுக்காத ஒரு தகப்பனாரின் பெயர், சனிக்கிழமை இரவு ஏழு மணிக்கு, மூன்றாம் மேசை, நான்கு பேர் என்ற குறிப்போடு ஓர் ஆங்கிலேயப் பணிப்பெண்ணால் உரக்க வாசிக்கப்படுவது நடந்தது. நான்கு பேர் என்று மட்டும் எழுதியதற்குக் காரணம், தொடக்கத்தில் கூட்டமாக வந்தால் ஒருவர் விவரம் போதும் என்றிருந்ததுதான். 2021 மார்ச் இறுதியில்தான் ஒவ்வொருவரும் தனித்தனியே தர வேண்டும் என்று மாற்றினார்கள்.

இனிப் பொய்ப்பெயர். அடையாள அட்டையைக் கேட்கும் கடமை கடைக்காரருக்கு இருக்கவில்லை. சொன்னதை நம்பி எழுதிக்கொள்ள வேண்டியதுதான். எனவே மிக்கி மவுஸ் பல ஊர்களில் ஒரே இரவில் பீர் குடித்தது. நாட்டின் பிரதமரும் அவருக்கே தெரியாமல் எங்கெங்கோ குடித்தார். ஜெர்மனியில் டொனால்ட் டக் உணவகம் உணவகமாக ஏறி இறங்கவே, பொறுமை இழந்த அரசு, பொய் விவரம் தருவோருக்குக் குறைந்தது 50 யூரோ தண்டம் என்று 2020 செப்டம்பர் இறுதியில் முடிவு செய்தது.

மாமா அவர்கள் முக்குளம், வீரசோழன், திருச்சுழி என்று சுற்றுவட்டாரக் கல்யாணங்களில் மொய் எழுதியவர் ஆதலால், இந்த இடத்தில் ஒன்றை எளிதாகக் கண்டுகொள்வார். பெயர், ஊர், தொகை, தேவைப்பட்டால் தகப்பன் பெயரும் பட்டப்பெயரும் என்று மொய் நோட்டில் எழுதப்படும் விவரத்தில் பொய் இருந்ததாக வரலாறே இல்லை. ஓர் எழுத்து தவறினாலும் கொடுத்தவரே நின்று திருத்திவிட்டுத்தான் பந்திக்குப் போவார். காரணம், அந்த நோட்டில் பெயர் நிலைத்திருப்பதில் அவருக்கு ஆதாயம் உண்டு. போட்ட பணம் நாளை திரும்பிவர அதுவே சாட்சி. பப் நோட்டில் பெயர் இருப்பதால் குடித்தவருக்குக் கிடைக்கக்கூடியது, வீட்டை விட்டு வெளியே வராதே என்றொரு தொலைபேசி அழைப்பு மட்டுமே. ஆகவே கல்யாணத்துக்கு 50 பேர் மட்டும் என்று தமிழ்நாட்டில் உத்தரவு இருந்த மாதங்களில், மொய் நோட்டை வாங்கிப் பார்த்திருந்தால், வந்தவர்கள் யார் யார் என்பதோடு உண்மையில் எத்தனை பேர் வந்தார்கள் என்பதும் சேர்ந்தே விளங்கியிருக்கும். அழிப்பதற்கு நாள் குறிப்பது மட்டும் அங்கே செல்லாது. மொய் நோட்டை 21 நாளில் கிழித்துவிடு என்று எந்த அதிகாரியாவது நரிக்குடியில் வந்து சொன்னால், அவர் பத்திரமாக ரயிலேறிப் போவது சந்தேகம்.

நம் மாநிலம் மட்டும் பெயர் கேட்காமல் இருந்ததா என்றால், அதுவும் இல்லை. டாஸ்மாக் கடைகள் 2020 மே 7 அன்று திறந்தபோது, ஐம்பது வயதைக் கடந்தவருக்குக் காலையில், நாற்பதுக்குக் குறைந்தவருக்குப் பிற்பகலில் என்று வயதுக்கொரு நேரம் ஒதுக்கி, ஆதாரைக் காட்டச் சொன்னார்கள். ரசீதில் பெயர், முகவரி, ஆதார் எண் இருக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றமும் நிபந்தனை விதித்திருந்தது. நிபந்தனைகள் காற்றில் பறந்ததால் மறுநாளே கடைகளை மூடச் சொன்ன அந்த நீதிமன்றத்தின் உத்தரவை மே 15 அன்று உச்ச நீதிமன்றம் நிறுத்திவைக்க, அடுத்த நாள் கடைகள் மறுபடி திறந்து, கிழமைக்கொரு நிறத்தில் டோக்கன் கொடுக்கப்பட்டது. ஜூன் தொடக்கத்தில் முடிதிருத்தும் கடைகளுக்கும் ஓர் உத்தரவு வந்தது. வாடிக்கையாளரின் பெயர், முகவரி, செல்பேசி எண்ணோடு ஆதார் எண்ணையும் குறித்து வைக்க வேண்டும் என்றது அது. ஆண்டாண்டாக நம் தலையையும் நம் பாட்டனார் தலையையும் அறிந்த ஒருவர், கத்தரியைக் கீழே வைத்துவிட்டுப் பன்னிரண்டு இலக்கம் கேட்டதை நரிக்குடி வட்டாரம் எப்படி எடுத்துக்கொண்டிருக்கும் என்பதை மாமா அவர்களே எழுதித் தெரிவிக்கலாம். தொற்றுள்ளவரைத் தேடுவதற்குச் செல்பேசி எண் போதும். ஆதார் எண்ணை அழைத்தால் யாரும் எடுக்கப்போவதில்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டில் தீர்ப்பளித்த நாட்டில், முடிவெட்டியதற்குச் சாட்சியாக ஆதார் எதற்கு என்ற கேள்வி நாற்காலிக்கு முன்னாலுள்ள கண்ணாடியிலேயே எழுதி ஒட்டப்பட்டிருக்க வேண்டியது.

வாங்கிய விவரம் வேறு வழியில் போவதற்கும் உதாரணங்கள் உண்டு. நியூசிலாந்தின் ஆக்லாந்தில், ஓர் உணவுக் கடையில் தொடர்பறிதலுக்காக ஒரு பெண் எழுதிக்கொடுத்த எண்ணை வைத்து, கடை ஊழியரே அவருக்குத் தூது அனுப்பத் தொடங்கினார். நம் வட்டாரப் பிள்ளைகள் வேலை பார்க்கும் சிங்கப்பூரில் நடந்தது இன்னும் பெரியது. டிரேஸ்டுகெதர் என்ற செயலியின் தரவு தொற்றுத் தடுப்புக்கு மட்டுமே என்று அமைச்சர் வாக்களித்திருக்க, காவல்துறையும் அதைக் கேட்டுப் பெறலாம், ஒரு கொலை வழக்கில் பெறவும் பட்டது என்று 2021 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் தெரியவந்தது. ஊரே முணுமுணுத்த பிறகு, ஏழு வகைக் கொடுங்குற்றங்களுக்கு மட்டுமே என்று பிப்ரவரியில் சட்டம் திருத்தப்பட்டது. முதலிலேயே ஏழு என்று சொல்லியிருந்தால் பாதிப்பேர் முணுமுணுத்திருக்க மாட்டார்கள்.

இங்கிலாந்திலோ கதை தலைகீழ். 2020 செப்டம்பர் 24 அன்று வெளிவந்த அரசுச் செயலியைக் கொண்டு வாசலில் ஒட்டிய கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால், போன இடத்தின் குறிப்பு அவரவர் செல்பேசிக்குள்ளேயே 21 நாள் கிடந்து தானே அழியும். கடைக்காரருக்கும் போகாது, அரசுக்கும் போகாது. அடுத்த ஆண்டு ஏப்ரலில், தொற்று உறுதியானவர்கள் சம்மதித்தால் அந்தப் பட்டியலைப் பெற்றுக்கொள்ள அரசு ஒரு வழி செய்தபோது, அது தங்கள் விதிக்கு முரண் என்று ஆப்பிளும் கூகுளும் தடுத்துவிட்டன. மாட்சிமை தங்கிய அரசியாரின் அரசாங்கம், தன் குடிமக்கள் போன பப்புகளின் பட்டியலுக்காக இரண்டு அமெரிக்கக் கம்பெனிகளின் வாசலில் கைகட்டி நின்றது மாமா அவர்களுக்கு நிச்சயம் சுவைக்கும். இத்தனை பாடுபட்டுச் சேர்ந்த விவரத்தில் எச்சரிக்கை அனுப்பப் பயன்பட்டதோ மிகச் சொற்பம்.

இடையில் ஒரு முட்டைக் கதையும் உண்டு. 2020 டிசம்பரில் சில பகுதிகளில், கணிசமான உணவோடு மட்டுமே மது தரலாம் என்று விதி வந்தபோது, கணிசம் என்றால் எவ்வளவு என்று நாடே கேட்க, ஸ்காட்ச் எக் ஒன்று போதும் என்றார் ஓர் அமைச்சர். அது அவித்த முட்டையைச் சுற்றி இறைச்சியைப் பூசிப் பொரிப்பது. நம்மூர் பாரில் மிளகுத்தூள் தூவித் தரும் அவித்த முட்டைக்கு இப்படியொரு சட்ட அந்தஸ்து இன்னும் வாய்க்கவில்லை.

பெயர் கேட்கும் கட்டாயம் 2021 ஜூலை 19 அன்று நீங்கிவிட்டது. இப்போது பப்புகளில் யாரும் பெயர் கேட்பதில்லை. பலவற்றில் ரொக்கம் வேண்டாம், கார்டைத் தட்டுங்கள் என்கிறார்கள். எந்த நாளில், எந்தப் பப்பில், யார் எவ்வளவு பணம் கொடுத்தது என்பதெல்லாம் வங்கிக் கணக்கில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். மிக்கி மவுஸ் பெயரில் கார்டு கிடையாது என்பதால் அதில் பொய்யும் இல்லை. இதை எதிர்த்துக் குரல் எழுப்பும் சொரணையுள்ளவரை அதிகம் காணோம்.

மற்றவை அடுத்த மடலில். இதைத் தம் மச்சானுக்கு வாசித்துக் காட்டும்போது, குடும்பப் பெயர் பற்றிய பத்தியை மட்டும் தாண்டி வாசிக்குமாறு மாமா அவர்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறது இம்மடல்.

இங்ஙனம்,
மருமகன்