சுபம் போடும் இடம்

தேவதைக் கதைகளெல்லாம் மங்களமாக முடியும் என்று ஒரு பெயர் இருக்கிறது. மங்களம் கதையில் இல்லை, சொன்னவர் எந்த இடத்தில் சுபம் போட்டார் என்பதில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. தூங்கும் அழகியையே பாருங்கள். கிரிம் சகோதரர்கள் 1812-இல் கல்யாணத்தோடு கதையை மூட்டை கட்டிவிட்டார்கள். 1697-இல் அதே கதையைச் சொன்ன பிரெஞ்சுக்காரர் சார்ல் பெரோவுக்கு அந்தச் சாமர்த்தியம் போதவில்லை. பெண்ணோடு புகுந்த வீடுவரை போய்விட்டார். அங்கே மாமியார் அரக்கி வம்சம். மகன் போருக்குப் போன சமயம் பார்த்து, நாலு வயதுப் பேத்தியைச் சமைக்கச் சொல்கிறாள். அதுவும் வெறுமனே இல்லை, வெங்காயமும் கடுகும் சேர்ந்த ராபர் சாஸோடு! சமையல் பொறுப்பாளர் ஆட்டுக்குட்டியைப் பரிமாறி ஏமாற்றியதால் குழந்தை பிழைத்தது. கடைசியில் பாம்பும் தேரையும் நிரம்பிய தொட்டியில் மாமியாரே விழுந்து சாகிறாள். பெற்றவள் ஆயிற்றே என்று மகனுக்கு வருத்தம்தான். மனைவி மக்களைப் பார்த்துச் சீக்கிரமே தேறிவிடுகிறான்.

அப்படியானால் சீக்கிரம் முடித்தால் எல்லாம் சுபம்தானே என்று கேட்கலாம். அதுவும் இல்லை. சிவப்புத் தொப்பிச் சிறுமியை ஓநாய் விழுங்கியதும் பெரோ கதையை முடித்து, இளம்பெண்களுக்கு ஒரு புத்திமதிப் பாட்டும் பாடிவிட்டார். கிரிம் சகோதரர்கள் கொஞ்சம் பொறுத்தார்கள். ஒரு வேட்டைக்காரன் வந்து கத்தரிக்கோலால் ஓநாயின் வயிற்றைக் கிழித்தான், பாட்டியும் பேத்தியும் முழுசாக வெளியே வந்தார்கள். ஆண்டர்சன் 1837-இல் எழுதிய கடற்கன்னி நுரையாகிக் கரைகிறாள். அங்கேயும் நிறுத்த மனமில்லாமல், அவளைக் காற்றின் மகளாக்கி, ஆன்மா பெற 300 வருஷம் தவணை கொடுத்தார். நல்ல குழந்தையைக் கண்டால் தவணை குறையும், பொல்லாத குழந்தைக்காக அழுதால் ஒவ்வொரு சொட்டுக்கும் ஒரு நாள் கூடும். கேட்கிற பிள்ளைகளின் தலையிலா இதைக் கட்டுவது? 1989-இல் டிஸ்னி படம் கல்யாணத்தைப் பண்ணிவைத்துக் கணக்கைத் தீர்த்தது.

நல்லவர்களுக்கு நல்லது நடக்கிறதே, அது போதாதா என்பார்கள். கிரிம் கதையில் தவளைக்குக் கொடுத்த வாக்கைத் தட்டிக்கழிக்கப் பார்த்து, கடைசியில் அதைச் சுவரில் ஓங்கி அடித்த இளவரசிக்குத்தான் இளவரசன் கிடைத்தான். ஒரு தப்பும் செய்யாத தீக்குச்சிச் சிறுமியை வருஷக் கடைசி இரவில் ஆண்டர்சன் குளிரில் சாகவிட்டார். வெண்பனியின் கல்யாணத்திலோ, சிற்றன்னை பழுக்கக் காய்ச்சிய இரும்புச் செருப்போடு செத்து விழும்வரை ஆடினாள். இதற்குப் பிறகு விருந்தாளிகளுக்குச் சாப்பாடு எப்படி இறங்கியிருக்கும்?

ஆகவே, ராத்திரியில் பெரோவைப் படித்துக் காட்டுகிறவர்கள் கல்யாணம் முடிந்த கையோடு புத்தகத்தை மூடிவிடுங்கள். குழந்தைக்கும் தூக்கம் வரும், வீட்டிலிருக்கும் அப்பத்தாவுக்கும் மரியாதை மிஞ்சும்.