எலுமிச்சம்பழச் சோதனை

பெறுநர்:
மத்திய சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலைகள் அமைச்சகம்,
புது தில்லி.

பொருள்: குடும்பக் காருக்கு விலை குறைவாக நான்கு டயர் வாங்குதல் – வாங்கிய பிறகும் உயிரோடு இருக்க விரும்புதல் – வழிகாட்டக் கோருதல் தொடர்பாக.

அமைச்சகத்தின் மேலான சமூகத்துக்கு,

முதலில் நன்றி. டயர் விஷயத்தில் அமைச்சகம் கைகட்டி உட்கார்ந்திருந்தது என்று யாரும் குற்றம் சொல்ல முடியாது. 2022 ஜூன் 28 அன்று வெளியிட்ட அறிவிக்கையில் கார், பஸ், லாரி டயர்களெல்லாம் ஏ.ஐ.எஸ்.-142 என்ற தரத்துக்குக் கட்டுப்பட வேண்டும் என்று சொன்னீர்கள். உருளும்போது எவ்வளவு இழுவை, அதாவது எவ்வளவு பெட்ரோலைத் தின்னும். எவ்வளவு சத்தம் போடும். மழையில் நனைந்த சாலையில் பிரேக் அடித்தால் எப்படிப் பிடித்து நிற்கும். இந்த மூன்றையும் அளந்து பார்க்காமல் டயர் விற்கக் கூடாது. புதிய வடிவங்களுக்கு 2022 அக்டோபர் 1 முதல். ஏற்கெனவே சந்தையில் இருந்தவற்றுக்கு 2023இல் இருந்து. அருமையான விதி. ஆக, இன்று கடைக்கு வரும் ஒவ்வொரு கார் டயர் வகைக்கும் ஈரத்தில் அது எவ்வளவு பிடிக்கும் என்று சொல்லும் ஓர் எண் எங்கோ ஒரு கோப்பில் இருக்கிறது. தயாரித்தவருக்கு அது தெரியும். சோதித்தவருக்குத் தெரியும். ஒப்புதல் கொடுத்தவருக்குத் தெரியும். காசைக் கொடுத்து அந்த டயரை வாங்கி, அதன்மேல் குடும்பத்தையே உட்காரவைத்து, திண்டிவனம் தாண்டி மழையில் ஓட்டிக்கொண்டு போகிறவருக்கு மட்டும் தெரியாது. இவ்வளவு கட்டுக்கோப்பாக ரகசியம் காப்பதைப் பார்த்தால் உளவுத் துறையே பொறாமைப்படும்.

டயரில் எதுவுமே எழுதியிருப்பதில்லை என்று சொல்ல வரவில்லை. மேலே இன்னும் ரப்பர் முடி முளைத்து நிற்கும் ஒரு புது டயரைக் கடை வாசலில் சாய்த்துவைத்துப் பாருங்கள். அதன் பக்கச் சுவர் ஒரு கல்வெட்டு. 165/80 ஆர்14 85டி என்றிருக்கும். அகலம் 165 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அதில் 80 விழுக்காடு, ரேடியல் கட்டு, 14 அங்குல ரிம். 85 என்றால் ஒரு டயர் 515 கிலோ தாங்கும். ‘டி’ என்றால் மணிக்கு 190 கிலோமீட்டர் வேகம் வரை தாங்கும். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கும், கூடவே ஐ.எஸ். 15633 என்ற எண் இருக்கும். சற்றுத் தள்ளி, சின்னக் கட்டத்துக்குள் நான்கு இலக்கம்: 2324 என்றிருந்தால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் பிறந்த டயர். ஜாதகம் எழுதுகிறவர்கூட நாள் நட்சத்திரத்தோடு நிறுத்திக்கொள்வார். இதில் வாரக் கணக்கு வரைக்கும் இருக்கிறது. எவ்வளவு சுமக்கலாம், எவ்வளவு வேகமாக ஓடலாம், எப்போது பிறந்தது என்பதெல்லாம் இருக்கிறது. பிரேக் அடித்தால் எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்பது மட்டும் இல்லை. நம் நெடுஞ்சாலைகளில் 190இல் ஓட்ட எந்தச் சட்டமும் அனுமதிப்பதில்லை. நிற்க வேண்டிய தேவையோ, மாடு, பைக், தடுப்புக் கட்டை என்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை வருகிறது. தேவைப்படாததை எழுதிவைத்துத் தேவைப்படுவதை விட்டுவிட்ட இந்தக் கல்வெட்டு எந்த ஆட்சிக் காலத்தைச் சேர்ந்தது என்று தொல்லியல் துறைதான் சொல்ல வேண்டும்.

எண் தெரியாத வாங்குநர் என்னதான் செய்வார்? சிறிய காருக்கே நான்கு டயர் என்றால் ஐந்திலக்கத் தொகை. பள்ளிக் கட்டணத்துக்கும் வண்டி இன்சூரன்சுக்கும் நடுவில் வந்து விழும் செலவு அது. எனவே கடைக்காரரிடம் தெரிந்த இரண்டு கேள்விகளைக் கேட்பார்: எத்தனை கிலோமீட்டர் ஓடும், மைலேஜ் அடிபடாதே? மூன்றாவதாகக் கேட்க அவரிடம் சொல்லே இல்லை. கடைக்காரர் எந்த டயரில் தமக்குக் கூடுதல் கழிவு கிடைக்கிறதோ அதைக் கைகாட்டுவார். அதில் தவறும் இல்லை, அவருக்கும் அந்த எண்ணை யாரும் சொல்லவில்லை. மற்றபடி கிரிக்கெட் மட்டையில் ஒட்டிய பெயர், பக்கத்து வீட்டுக்காரரின் அபிப்பிராயம், அலைன்மென்ட் பேலன்சிங் இலவசமா என்ற பேரம். கடைசியாகப் பூசை. நம் ஊரில் ஒரு கார் டயருக்குப் பொதுமக்கள் முன்னிலையில் வெளிப்படையாக நடக்கும் ஒரே சோதனை, சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழத்தை வைத்து ஏற்றி இறக்குவதுதான். இந்தச் சோதனையில் இதுவரை தோற்ற டயர் கிடையாது.

அந்த எண் இவ்வளவு முக்கியமா என்று அமைச்சகம் கேட்கலாம். உங்கள் தரம் ஐ.நா.வின் 117ஆம் எண் ஒழுங்குவிதியை ஒட்டி எழுதப்பட்டது. அந்த விதியில் ஒரு பொது அளவுகோல் டயர் உண்டு. ஈரச் சாலையில் அதன் பிடிப்பு 1 என்றால் சாதாரணக் கார் டயரின் பிடிப்பு குறைந்தது 1.1 இருக்க வேண்டும். அதுதான் தேர்ச்சி. ஐரோப்பிய ஒன்றியத்தில் இதே குறியீட்டை வைத்துத் தரம் பிரித்து 2012 நவம்பரிலிருந்து டயருக்கு ஒட்டுச்சீட்டு ஒட்டுகிறார்கள். 2021 மே மாதம் அதை ஏ முதல் இ வரை என்று திருத்தியும் விட்டார்கள். 1.55 அல்லது அதற்கு மேல் எடுத்தால் ஏ. 1.1 எடுத்தால் டி. இரண்டுக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்பதற்குப் பள்ளிக்கூட இயற்பியல் போதும். நிற்க வேண்டிய தூரம் பிடிப்புக்கு நேர்மாறாகப் போகும். வேகமோ வர்க்கமாக வரும். ஒரே மாதிரி இரண்டு கார்கள், ஒரே ஈரச் சாலை, இரண்டும் மணிக்கு 80 கிலோமீட்டரில் வருகின்றன, ஒரே நொடியில் பிரேக். ஏ டயர் போட்ட கார் நின்றுவிட்ட அதே இடத்தை 1.1 டயர் போட்ட கார் கடக்கும்போது அதன் வேகம் இன்னும் 43 கிலோமீட்டர். முதல் காரில் இருப்பவர்கள் ‘அப்பாடா’ என்று சொல்வார்கள். இரண்டாவது காரில் இருப்பவர்களுக்கும், அந்த இடத்தில் நின்றுகொண்டிருந்தவருக்கும், அதே நொடி வேறு மாதிரி முடியும். இரண்டு டயருக்கும் கடையில் ஒரே முத்திரை. விலை வித்தியாசம் சில நூறு ரூபாயாக இருக்கலாம். விலை குறைந்ததே நன்றாக நிற்கும் டயராகவும் இருக்கலாம். அதைத்தான் யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொள்கிறோம்.

குறைந்தபட்சத் தரத்தை உறுதிசெய்துவிட்டோம், தேறாத டயர் சந்தைக்கே வராது, பிறகென்ன என்பது அமைச்சகத்தின் முதல் பதிலாக இருக்கும் என்று ஊகிக்கிறேன். நியாயமான பதில்தான், 1.1 என்ற வாசலே இல்லாதிருந்த காலத்தைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் தமிழ்நாட்டில் பிளஸ் டூவில் 35 எடுத்தவரும் தேர்ச்சி, 100 எடுத்தவரும் தேர்ச்சி. மதிப்பெண் பட்டியலில் எண்ணை அழித்துவிட்டு எல்லோருக்கும் ‘தேர்ச்சி’ என்று மட்டும் அச்சடித்துக் கொடுத்து, இனி கல்லூரிகள் மாணவரின் சட்டை நிறத்தைப் பார்த்துச் சேர்த்துக்கொள்ளட்டும் என்று கல்வித் துறை அறிவித்தால் மறுநாள் என்ன நடக்கும்? டயர் விஷயத்தில் அதுதான் நடைமுறை. யாரும் மறியல் செய்யவில்லை என்பது மட்டுமே வித்தியாசம்.

மக்கள் விலையைத்தான் பார்ப்பார்கள், ஒட்டுச்சீட்டை யார் படிக்கப் போகிறார்கள் என்பது அடுத்த வாதம். இதற்கு அரசாங்கமே பதில் சொல்லியாகிவிட்டது. 2023 ஜனவரி 1 முதல் மின்விசிறிக்கு நட்சத்திரச் சீட்டு கட்டாயம். உத்தரத்தில் தொங்கிக்கொண்டு, நின்ற இடத்தை விட்டு ஓர் அங்குலம்கூட நகராமல் சுற்றும் மின்விசிறிக்கு நட்சத்திரம் உண்டு. ஏசிக்கும் ஃபிரிட்ஜுக்கும் அதற்கு முன்பே வந்துவிட்டது. இன்று ஃபிரிட்ஜ் வாங்கப் போகும் பாட்டிகூட ‘அஞ்சு ஸ்டாரா, மூணா?’ என்றுதான் கேட்கிறார். டயருக்கும் எரிசக்தித் திறன் பணியகம் நட்சத்திரம் கொண்டுவந்ததே என்பீர்கள். கொண்டுவந்தது, விருப்பமுள்ள நிறுவனம் ஒட்டிக்கொள்ளலாம் என்று. அதுவும் எண்ணுவது பெட்ரோலை. 2023 அக்டோபரில் நீங்களே தொடங்கிய பாரத் என்கேப் என்ற கார் மோதல் சோதனை இன்னும் நல்ல சாட்சி: அதுவும் விருப்பத் திட்டம்தான், ஆனாலும் ஐந்து நட்சத்திரம் கிடைத்த காரை நிறுவனங்கள் பக்கம் பக்கமாக விளம்பரம் செய்கின்றன. மக்கள் படிக்காததற்கு யார் காசு கொட்டி விளம்பரம் செய்வார்கள்? ஆக, மோதினால் கார் எவ்வளவு தாங்கும் என்பது தெரிந்துவிட்டது. மோதாமல் இருக்க வழியுண்டா என்பதுதான் பாக்கி.

ஒட்டுச்சீட்டு வந்தால் விலை ஏறும், மலிவு டயர் நசிந்துவிடும் என்று தொழில் தரப்பு சொல்லும். சோதனைச் செலவு ஏற்கெனவே செய்தாகிவிட்டது. பாக்கி இருப்பது ஒரு துண்டுக் காகிதமும் கொஞ்சம் பசையும். 2025 செப்டம்பர் 22 முதல் கார் டயருக்கான ஜி.எஸ்.டி. 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது. அந்தப் பத்தில் பசைக்குக் காசு தேறாதா? நசிவது பற்றி என்றால், உண்மை தலைகீழ். விளம்பரத்துக்குக் காசில்லாத நிறுவனம் நல்ல டயர் செய்தால் அதை நிரூபிக்க அதற்கு இன்று வழியே இல்லை. ஒட்டுச்சீட்டில் ‘பி’ என்று வந்துவிட்டால் அதற்கு மட்டைக்காரர் தேவையில்லை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்தியாவில் செய்து ஐரோப்பாவுக்குக் கப்பலேறும் கார் டயரில் அந்தச் சீட்டு இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் அங்கே விற்க முடியாது. திருப்பெரும்புதூர், ஒரகடம், தேர்வாய்கண்டிகை என்று சென்னையைச் சுற்றி டயர் ஆலைகளாக நிற்கின்றன. நம் ஊர் ஆலை டயர் ஈரத்தில் எப்படி நிற்கும் என்பதை அறிய விரும்பினால் ஹாம்பர்க்கில் ஓர் உறவினர் இருப்பது நல்லது. 2020 ஜூன் 12 அன்று புது டயர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்து, வெளியூர் மலிவுச் சரக்கு வராமல் வாசலை அடைத்தது மத்திய அரசு. உள்ளூர்த் தொழிலுக்கு அது நல்லது, இருக்கட்டும். வாசலை அடைத்த வீட்டுக்குள் விளக்காவது போடக் கூடாதா?

இனி கொஞ்சம் வலுவான ஆட்சேபம். சாலை விபத்துகள் பற்றி நீங்கள் ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கையையே எடுத்துக்கொள்வோம். 2022இல் நாடு முழுவதும் 4,61,312 விபத்துகள். எண்ணிக்கையில் 64,105 உடன் முதலிடம் தமிழ்நாட்டுக்கு. (எதிலாவது முதலிடம் வந்தால் சுவரொட்டி அடிக்கும் நாம் இதற்கு மட்டும் அடக்கமாக இருந்துவிட்டோம்.) அவற்றில் பெரும்பாலானவை மழையில் நடந்தவை அல்ல, வெயில் நாளில் நடந்தவை. அப்படியிருக்க ஈரத்தைப் பிடித்துக்கொண்டு எதற்கு இத்தனை ஆர்ப்பாட்டம் என்று கேட்கலாம். ஆண்டில் பெரும்பாலான நாட்கள் வெயில் நாட்கள். விபத்தும் அதில்தான் அதிகம் இருக்கும். டயருக்கும் டயருக்கும் உள்ள பேதம் உலர்ந்த சாலையில் அவ்வளவாகத் தெரியாது, நனைந்த சாலையில்தான் பல்லைக் காட்டும். அதிலும், பல மாதத் தூசியும் எண்ணெயும் படிந்து கிடக்கும் சாலையில் விழும் முதல் அரை மணி மழையை ஓட்டத் தெரிந்தவர்கள் எல்லோருமே பயந்து ஓட்டுகிறார்கள். அந்தப் பயத்துக்கு ஓர் எண் வேண்டும் என்பதே கோரிக்கை.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த எண் முழு உண்மை ஆகாது. புது டயரை, சீரான தளத்தில், சரியான காற்றழுத்தத்தில் சோதித்து எடுத்த எண் அது. பட்டனெல்லாம் தேய்ந்து சட்டம் அனுமதிக்கும் 1.6 மில்லிமீட்டர் ஆழத்துக்கு வந்த டயர் அந்த எண்ணுக்குப் பக்கத்தில்கூட நிற்காது. மொட்டை டயரில் ஊர் சுற்றுகிறவருக்கு எந்த ஒட்டுச்சீட்டும் உதவாது. ரப்பர் கலவையிலும் ஒரு கொடுக்கல் வாங்கல் இருக்கிறது. மென்மையாக்கினால் பிடிப்பு கூடும், தேய்மானமும் கூடும். கெட்டியாக்கினால் அறுபதாயிரம் கிலோமீட்டர் ஓடும், மழையில் சறுக்கும். சிலிக்கா சேர்த்து இந்த முரணைத் தளர்த்தலாம், அதற்குக் காசு ஆகும். கார் நிறுவனம் புது வண்டியோடு போட்டுக் கொடுக்கும் டயர்கூட மைலேஜ் கணக்குக்காகத் தேர்ந்தெடுத்ததாக இருக்கக்கூடும். மழையே அதிகம் பார்க்காத ஊர்க்காரர், எனக்கு உழைப்புதான் முக்கியம், பிடிப்பு குறைந்தாலும் சரி என்று முடிவெடுத்தால் அது அவர் உரிமை. என்னைக் கேட்டால், காசு குறைவாக இருக்கும்போது முதலில் ஈரப் பிடிப்பு, அடுத்து உழைப்பு, மைலேஜ் மூன்றாவது என்பேன். இந்த வரிசையை ஏற்கவும் மறுக்கவும் இரண்டு எண்களை அருகருகே வைத்துப் பார்க்க முடிய வேண்டும். இப்போது நடப்பது தேர்வே இல்லை, சீட்டுக் குலுக்கல். குறைபாடுள்ள எண்ணை மறைத்துவைப்பதற்கு அந்தக் குறைபாடு காரணமாக முடியாது. ஃபிரிட்ஜின் மின் கணக்கும் வீட்டுக்கு வீடு மாறத்தான் செய்கிறது.

ஆகவே அமைச்சகத்தைக் கேட்டுக்கொள்வது இதுதான். புதுச் சோதனை வேண்டாம், புதுக் குழு வேண்டாம், குழுவின் அறிக்கையை ஆராய இன்னொரு குழு நிச்சயமாக வேண்டாம். கோப்பில் இருக்கும் ஈரப் பிடிப்பு எண்ணை ஒவ்வொரு கார் டயரிலும் கண்ணில் படும்படி ஒட்டச் சொல்லுங்கள். அதற்கு நாளாகும் என்றால், டயரின் பெயர், அளவு, எண் என்று மூன்று பத்தி கொண்ட ஒரு பட்டியலை உங்கள் இணையதளத்தில் போடுங்கள். கடை வாசலில் நின்றுகொண்டே போனில் பார்த்துக்கொள்கிறோம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. அதற்குள் கிடைத்தால் உபகாரமாக இருக்கும்.

இப்படிக்கு,
165/80 ஆர்14 நான்கு வாங்க வேண்டிய ஒருவர்.

இணைப்பு: எலுமிச்சம்பழம் – 4.