துண்டு போட்டவர்கள்

ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டுவிட்டால் பஸ்ஸில் இடம் நமது. கோலார் தங்கவயலின் சரித்திரமும் இந்தச் சட்டப்படிதான் நடந்திருக்கிறது.

முதல் துண்டு லெப்டினன்ட் ஜான் வாரனுடையது. 1802-இல் நிலம் அளக்க வந்தவர், இங்கே தங்கம் இருக்கிறதாமே என்று கேள்விப்பட்டு, காட்டுகிறவர்களுக்குப் பரிசு என்றார். ஊர்க்காரர்கள் வண்டி நிறைய மண் கொண்டுவந்து, அவர் கண்ணெதிரே அலசித் தங்கப் பொடியை எடுத்துக் காட்டினார்கள். ஆகவே தங்கத்தைக் கண்டுபிடித்தவர் வாரன்!

1871-இல் லவெல் என்ற சிப்பாய், நியூசிலாந்துச் சண்டை அலுத்துப்போய் பெங்களூரில் ஓய்வெடுக்க வந்த இடத்தில், வாரன் எழுதியதைப் படித்துவிட்டு மாட்டுவண்டி கட்டினார். அடுத்து வந்த கம்பெனிகள் பணத்தைக் கொட்டிக் கையைச் சுட்டுக்கொண்டன. கடைசியில், யாரோ முன்னமே பாறையில் தீமூட்டி உடைத்துத் தோண்டிவிட்டுப் போன பழங்குழிகளுக்கு அடியில் இறங்கித்தான் பிழைத்தன. அந்த யாரோவிடம் துண்டு இல்லை, குழியோடு சரி.

1931-இல் மொகஞ்சதாரோ சம்பந்தம் வந்தது. அங்கே கிடைத்த நகையிலும் வெள்ளி கலந்திருக்கிறது, கோலார் தங்கத்திலும் கலந்திருக்கிறது, ஆகவே அது இங்கிருந்து போனதுதான் என்று தொல்லியலாளர் மார்ஷல் பதிப்பித்த நூலில் எழுதினார்கள். பத்துப் பொருத்தத்தில் ஒன்று பார்த்ததோடு தட்டு மாற்றிவிட்டார்கள். வெள்ளி கலந்த தங்கம் வடக்கே ஆற்று மணலிலும் கிடைக்கும் என்று பின்னால் வந்தவர்கள் முனகியது மேளச் சத்தத்தில் கேட்கவில்லை.

சுரங்கத்தில் இறங்கிய வட ஆர்க்காட்டுத் தமிழர்களில் பெரும்பாலோருக்கு, ஆதியில் நீ யார் என்பதற்குச் சாதி ஒரு பதிலை எழுதிவைத்திருந்தது. அயோத்திதாசர் அதைக் கிழித்துப் போட்டு, நீங்கள் பூர்வ பௌத்தர்கள் என்றார். தங்கவயலின் மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கம் வந்தது. சாம்பியன் ரீஃபில் சித்தார்த்தா புத்தகசாலை அவர் எழுத்துகளை அச்சிட்டது. இந்தத் துண்டை மட்டும் நான் கேலி செய்ய மாட்டேன். அதுவரை அவர்களை நிற்கவைத்தே கூட்டிவந்த வண்டி அது.

2009-இல் ஹைதராபாத் விஞ்ஞானி தங்கராஜும் (பெயரைப் பாருங்கள்) ஹார்வர்டின் டேவிட் ரைக்கும் மரபணுவை உரசிப் பார்த்தார்கள். இந்தியாவில் ஏறக்குறைய எல்லோரும் இரண்டு ஆதி வழிகளின் கலப்பு. சொக்கத் தங்கம் யாருமில்லை. எல்லாம் கோலார் சரக்கு.

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கத்தை மூடினார்கள். ஊர் ஜனம் இப்போது விடியற்காலை ரயிலில் பெங்களூர் வேலைக்குப் போகிறது. வண்டி மாரிக்குப்பத்திலேயே புறப்படுகிறது. அங்கே ஏறுகிறவர்களுக்குத் துண்டு தேவையில்லை.