மேற்கண்ட அனைத்தும்

ஃபோர்க்லிஃப்ட் பாதுகாப்புப் பாடத்தில் நான் நூற்றுக்கு நூறு. கோயம்புத்தூரில் பம்ப்செட் செய்யும் கம்பெனி ஒன்றில் கணக்குப் பிரிவில் உட்கார்ந்திருப்பவனுக்கு ஃபோர்க்லிஃப்ட் எதற்கு என்று கேட்டுப் பிரயோஜனமில்லை. மனிதவளப் பிரிவில் யாரோ 'அனைத்து ஊழியர்களும்' என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டார். ஸ்கூட்டருக்குச் சென்டர் ஸ்டாண்ட் போடவே பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிடுகிற ஆசாமி நான். ஆனாலும் பாரத்தோடு சரிவில் ஏறினாலும் இறங்கினாலும் பாரம் மேட்டைப் பார்த்தே இருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். சான்றிதழ் இருக்கிறது.

அதுபோக தகவல் பாதுகாப்பு, தீத்தடுப்பு, லஞ்ச ஒழிப்பு, நேர மேலாண்மை, 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்பு என்று வருடம் தவறாமல் வரிசைகட்டி வரும். ஆபீஸில் உட்கார்ந்து படிக்க நேரம் கிடையாது. ஜிஎஸ்டி தாக்கலும் மாதக் கணக்கு முடிப்பும் போக மிச்சமிருப்பது ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிந்திய நேரம்தான். முதலில் 'ஜென்டில் ரிமைண்டர்' வரும். அடுத்தது மேலாளருக்கும் நகல் போட்டு வரும். அதில் ஜென்டில் இருக்காது. அன்றைக்கு எங்கள் வீட்டு டைனிங் டேபிள் வகுப்பறையாகிவிடும்.

இந்த வீடியோக்களை ஓட்டிவிட முடியாது. தள்ளினால் நகராது. பக்கத்து டேபில் கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கப் போனால் தானாக நின்றுகொள்ளும். சத்தத்தை மட்டும் குறைக்கலாம், ஆனால் அம்மா விடமாட்டார். ஏனென்றால் தகவல் பாதுகாப்புப் பாடத்தில் ராகேஷ் வருவான்.

ராகேஷ் ஒரு நல்ல பையன். வருடா வருடம் லேப்டாப்பைக் காபிக் கடையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போவான். பாஸ்வேர்டை மஞ்சள் சீட்டில் எழுதித் திரையோரம் ஒட்டுவான். பரிசு விழுந்திருப்பதாக மின்னஞ்சல் வந்தால் அமுக்கிவிடுவான். அங்கே படம் நின்று, 'ராகேஷ் என்ன செய்திருக்க வேண்டும்?' என்று நான்கு விடைகள் வரும். எட்டரை மணி சீரியல் முடிந்து வந்து அமரும் அம்மாவுக்கு இது அடுத்த சீரியல். கோயில் வாசலில் ஒரு நாள் திடீரென்று கேட்டார்: "ஏஞ்சாமி, அந்த ராகேசுப் பையனுக்கு லேப்டாப்பு கெடச்சுதா இல்லியா?" பாடம் அதைச் சொல்வதில்லை. கிடைத்துவிட்டது என்று சொல்லிவைத்தேன்.

நான்கு விடைகளில் சரியானதைப் பிடிப்பதில் நான் மன்னன். ரகசியம் இதுதான்: எந்த விடை மற்றதைவிட நீளமாக இருக்கிறதோ, அதைத் தட்டுங்கள். கேள்வி எழுதுகிறவர் சரியான விடையில் பிழை வந்துவிடக் கூடாதென்று 'உரிய அனுமதி பெற்று', 'தேவைப்படும் பட்சத்தில்' என்றெல்லாம் சேர்த்துக்கொண்டே போவார். தப்பான விடைக்கு யாரும் அவ்வளவு மெனக்கெடுவதில்லை. 'மேற்கண்ட அனைத்தும்' இருந்தால் நீளம்கூடப் பார்க்க வேண்டாம். எண்பது சதவீதம் எடுத்தால் பாஸ், எடுக்காவிட்டால் மறுபடி எழுதலாம். இப்படி ஒரு பரீட்சை நான் எஸ்.எஸ்.எல்.சி. எழுதிய காலத்தில் இருந்திருந்தால் இன்றைக்கு நான் கலெக்டர்.

ஒருமுறை முழுப் பாடத்தையும் பார்த்து முடித்தும் 'முடிக்கப்படவில்லை' என்றே நின்றது. மைத்துனர் மகனுக்கு இதே மாதிரிப் பாடங்கள் செய்யும் கம்பெனியில் வேலை. போன் போட்டேன்.

"மாமா, மூலையில இருக்கிற எக்ஸை அமுக்குனீங்களா?"

"ஆமா."

"அதை அமுக்கக் கூடாதுங்க மாமா. உள்ள எக்ஸிட்னு ஒரு பட்டன் இருக்கும். அதை அமுக்குனாத்தான் பாடம் போய் சர்வர்கிட்ட 'இவர் முடிச்சுட்டார்'னு சொல்லும்."

பிறகு அவன் சொன்னதுதான் சுவாரசியம். ஒரு கம்பெனியிடம் வாங்கிய பாடம் இன்னொரு கம்பெனியின் மென்பொருளில் ஓடாமல் காசு வீணாகிறதென்று அமெரிக்கப் பாதுகாப்புத் துறை முன்நின்று ஒரு பொது விதி வகுத்தது. பெயர் ஸ்கார்ம். 2001-இல் வந்த அதன் 1.2 பதிப்பு இன்னமும் பல இடங்களில் ஓடுகிறது. எந்தப் பக்கத்தில் விட்டோம், என்ன விடை சொன்னோம் என்று பாடம் குறித்துவைத்துக்கொள்ள அந்தப் பதிப்பு தரும் இடம் வெறும் 4,096 எழுத்துகள். நிரம்பிவிட்டால் விட்ட இடம் மறந்துபோகலாம். கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் நான்கு சாமான்களில் இரண்டை மறக்கிற எனக்கு அதன்மேல் முதன்முறையாக ஒரு பாசம் வந்தது.

என் மனைவி அரசுப் பள்ளி ஆசிரியை. அவரும் ஆன்லைனில் படித்தவர்தான். 2020-இல், பள்ளிகள் பூட்டிக் கிடந்தபோது, தீக்‌ஷா தளத்தில் நிஷ்தா பயிற்சி வந்தது. தொடக்க வகுப்பு ஆசிரியர்களுக்குப் பதினெட்டுப் பாடங்கள். அவர் ஒரு லாங் சைஸ் நோட்டில் குறிப்பெடுத்தார். வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். பள்ளி திறந்ததும் அதில் பிடித்ததை வகுப்பில் செய்து பார்த்து, எடுபடாததைத் தூக்கிப்போட்டார். நான் அப்போது எதிரில் உட்கார்ந்து நேர மேலாண்மைப் பாடத்தை ஓடவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தேன். ஆளுக்கொரு சான்றிதழ் வந்தது. பார்க்க இரண்டும் ஒரே அழகுதான்.

வித்தியாசம் எங்கே என்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது. அவர் உளுந்து வடை போட்டுக்கொண்டிருந்தார். வாணலியில் எண்ணெய் அளவுக்கு மீறிக் காய்ந்து, புகைந்து, மேலே குப்பென்று தீ பிடித்தது. நான் தீத்தடுப்பில் தொண்ணூற்றைந்து. ஓடிப் போய் அடுப்படி வாசலில் நின்று, "பின்னை இழு, அடிப்பாகத்தைக் குறி வை, அமுக்கு, இரண்டு பக்கமும் வீசு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். தீயணைப்பான் எங்கள் வீட்டில் கிடையாது. சமையல் எண்ணெய்த் தீ 'எஃப்' வகுப்பு என்பதும் ஞாபகம் வந்தது. அதையும் சொன்னேன்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றவர் கேஸை அணைத்தார், பெரிய மூடியை எடுத்து வாணலியின் மேல் சரித்து மூடினார், அதைத் தொடவிடாமல் அப்படியே ஆறவிட்டார். அன்றைக்கு மீதி மாவு இட்லித் தட்டில் போனது.

ராத்திரி லேப்டாப்பைத் திறந்து பார்த்தேன். ஏழாவது கேள்வி அதேதான். 'தண்ணீர் ஊற்றுவேன்', 'வாணலியைத் தூக்கி வெளியே கொண்டுபோவேன்', 'ஊதி அணைப்பேன்', 'பாதுகாப்பாக முடிந்தால் அடுப்பை அணைத்து, பொருத்தமான உலோக மூடியால் மூடி, முழுவதும் ஆறும்வரை திறக்காமல் இருப்பேன்'. நான் நாலாவதைத்தான் தட்டியிருந்தேன். நீளமாக இருந்தது.

மனைவியிடம் சொன்னேன். "புக்க மூடி வெச்சுட்டுச் சொல்லச் சொன்னாத்தாங்க மனசுல நிக்கும். எங்க மூணாங்கிளாஸ் புள்ளைங்களே அப்பிடித்தான் படிக்குது" என்றார். அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் மாணவர்களை வைத்து இதையே சோதித்தார்கள். திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடத்தில் வைத்த பரீட்சையில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து, பாராமல் நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்கள் முந்தினார்கள். எங்கள் ஆபீஸ் பரீட்சை வீடியோ முடிந்த கையோடு வருகிறது. ஆகவே நான் முதல் கட்சி.

அதிலிருந்து எங்கள் வீட்டில் புது வழக்கம். எனக்கு நேரடிக் கேள்வி வைப்பதில்லை. "சாயங்காலம் என்ன வாங்கிட்டு வருவீங்க? பீர்க்கங்கா, பொடலங்கா, ரெண்டும், இல்ல மறந்துட்டு வெறுங்கையோட?" என்று விடைகளோடு வருகிறது. இருபத்தைந்து கிலோ அரிசிச் சிப்பம் வந்து இறங்கினால், முதுகை நேராக வைத்து முழங்காலை மடக்கித் தூக்க வேண்டும் என்று நான் விளக்குவேன். மகள் முதுகை நேராக வைத்து முழங்காலை மடக்கித் தூக்குவாள்.

பயிற்சியை எடைபோட டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-இல் நான்கு படிகள் சொன்னார்: பிடித்ததா, கற்றாரா, வேலையில் நடத்தை மாறியதா, அதனால் பலன் வந்ததா. எங்கள் ஆபீஸ் முதல் படியில் ஐந்து நட்சத்திரங்களோடு உட்கார்ந்துவிடுகிறது. மூன்றாம் படிக்குப் பொறுப்பாளர் என் மனைவி. அங்கே என் மதிப்பெண் இன்னும் வெளியிடப்படவில்லை.

இந்த வருடம் தகவல் பாதுகாப்புப் பாடத்தைப் புதுப்பித்துவிட்டார்கள். காபிக் கடை இல்லை, ராகேஷ் இல்லை. செயற்கை நுண்ணறிவில் செய்த ஒரு பெண் கோட்டுப் போட்டு நின்று பேசுகிறாள். அம்மா கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "இவ யாரு? கண்ணே சிமிட்ட மாட்டீங்கறா. அந்தப் பையன வேலைய விட்டு எடுத்துட்டாங்களா?"

கடைசியில் கருத்துப் பெட்டி வந்தது. அம்மா எழுந்து போகாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததால், 'ராகேஷை மீண்டும் பணியமர்த்தவும்' என்று தட்டச்சு செய்து அனுப்பினேன். மறுநாள் காலை பதில் வந்திருந்தது. என் பெயருக்குப் புதிதாக ஒரு கட்டாயப் பாடம் ஒதுக்கியிருக்கிறார்கள்: 'ஆக்கபூர்வமாகக் கருத்துத் தெரிவிப்பது எப்படி', நாற்பது நிமிடம், தள்ள முடியாது.