ஒப்பந்ததாரர்: நானே

அனுப்புநர்:
பழைய வீட்டின் புதிய சொந்தக்காரன்,
தாம்பரத்துக்குத் தெற்கே.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வீட்டுக்கடன் பிரிவு,
மாதம் பிறந்ததும் என் சம்பளத்தை முதல் ஆளாக வரவேற்கும் வங்கி.

பொருள்: வீடு பழுதுபார்ப்புக் கடன் விண்ணப்பத்தில் ‘ஒப்பந்ததாரர் பெயர்’ என்ற கட்டத்தில் என் பெயரையே எழுதியதால் விண்ணப்பம் திரும்பி வந்தது தொடர்பாக.

ஐயா,

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் தாங்கள் இருந்ததால், இந்தப் பக்கம் நடந்த பேச்சு தங்கள் காதுக்கு எட்டியிருக்காது. அப்படியே தருகிறேன்.

“சார், காண்ட்ராக்டர் யாரு?”

“நான்தாங்க.”

“அப்ப லோன் கேக்கறது?”

“அதுவும் நான்தான்.”

“ரெண்டும் ஒரே ஆளா இருந்தா சிஸ்டம் எடுக்காதுங்க சார்.”

அந்தத் தம்பி மேல் எனக்கு வருத்தமில்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். ஏசிக்கு நேராக உட்கார வைத்தார். சிஸ்டம் எடுக்காததை அவர் எப்படி எடுப்பார்? அதனால்தான் சிஸ்டத்துக்குச் சற்று மேலே உட்கார்ந்திருக்கும் தங்களுக்கு எழுதுகிறேன்.

என் கையில் காசில்லாமல் போனது எப்படி என்று தங்களுக்குத் தெரியும். தங்கள் மேசையில்தான் அது போனது. வீட்டின் விலை 60 லட்சம். 30 லட்சத்தைத் தாண்டி 75 லட்சம் வரையிலான கடன் என்றால் வீட்டு மதிப்பில் 80 சதவீதம்தான் தரலாம் என்பது ரிசர்வ் வங்கி போட்ட வரம்பு. 48 லட்சம் தந்தீர்கள். மீதி 12 லட்சத்துக்கு என் பி.எஃப். பணமும் மனைவியின் வளையலும் போயின. அதற்கு மேல் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 5 லட்சத்து 40 ஆயிரம். இதையும் வீட்டு விலையோடு சேர்த்துக் கடன் கொடுங்கள் என்றேன். கூடாதாம். வீடு 10 லட்சத்துக்குள் இருந்தால் சேர்த்துக்கொள்ளலாமாம். தாம்பரத்தில் 10 லட்சத்துக்கு வீடு எங்கே விற்கிறது என்று தெரிந்தால் ஒரு வரி எழுதிப் போடுங்கள். இந்தக் கடிதத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிப்போய் வாங்கிவிடுகிறேன்.

அடுத்தது தங்கள் மதிப்பீட்டாளர். கடனுக்கு முன்னால் வீட்டைப் பார்க்க வந்தாரே, அவர். செருப்பைக் கழற்ற வேண்டாம் என்று சொல்லியும் வாசலைத் தாண்டவில்லை. கேட்டருகே நின்று வீட்டையும் தன்னையும் சேர்த்து ஒரு செல்ஃபி எடுத்தார். அறிக்கையில் ‘பராமரிப்பு: நன்று’ என்று எழுதினார். அன்றைக்கு நானும் ஆட்சேபிக்கவில்லை. நன்று என்றால்தானே கடன் வரும்.

அவர் பார்க்காத மேற்கு அறைக்குள் வாருங்கள். கூரையும் சுவரும் சேரும் மூலையில் ஓதம் ஏறி, இந்திய வரைபடம் மாதிரி ஒரு கறை. விரலால் தொட்டால் உப்புப் பூத்த பூச்சு மாவாகக் கொட்டும். காது வைத்துத் தட்டினால், செங்கல்லை விட்டுப் பிரிந்த இடத்தில் டொக்கு டொக்கென்று வெற்றுச் சத்தம் வரும். இந்தக் கறைக்குக் காரணம் என்ன என்பதில்தான், ஐயா, விலை கேட்க நான் முதலில் கூப்பிட்ட ஒப்பந்ததாரருக்கும் எனக்கும் முதல் கருத்து வேறுபாடு.

ஒப்பந்ததாரர் மொட்டை மாடிக்கு ஏறினார், பெருமூச்சு விட்டார், “தட்டோடு மொத்தத்தையும் பேத்துட்டு புதுசா வாட்டர் புரூஃபிங் பண்ணணும் சார்” என்றார். அவர் இறங்கிப் போனதும் நான் ஒரு குடம் தண்ணீரை மாடியின் எதிர் மூலையில் கவிழ்த்துவிட்டுப் பார்த்தேன். தண்ணீர் ஒழுங்காக வாட்டம் பிடித்து ஓடி, மேற்கு மூலையில் மழைநீர்க் குழாயின் வாய்க்கு வந்து, அங்கேயே நின்றுகொண்டது. கையை விட்டால் வேப்பிலைச் சருகும் சேறும் ஒரு பந்தாக வந்தது. பக்கத்து வீட்டு வேம்பு எத்தனையோ ஆடிக் காற்றில் உதிர்த்தது. குளம் கட்டி நின்ற தண்ணீர்தான் உள்ளே இறங்கியிருக்கிறது. தட்டோட்டில் விரிசல் விட்ட சில இணைப்புகளைச் சுரண்டி அடைத்தால் போதும். குழாயைச் சுத்தம் செய்ய ஆன செலவு, கை கழுவிய சோப்பு.

வீட்டு வேலை மேலிருந்து கீழே வர வேண்டும். மாடி, குழாய், சுவர், தரை, கடைசியில் பெயின்ட். என் நோட்டில் அந்த வரிசையில்தான் எழுதியிருக்கிறேன். (என் மாமியார் பெயின்ட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்கிறார். கிரகப்பிரவேச போட்டோவில் மாடி விழாது என்பது அவர் வாதம். அதுவும் ஒரு நியாயம்தான்.) உதிரும் பூச்சைச் செங்கல் தெரியும்வரை கொத்திவிட்டுக் காயவிட வேண்டும். சிமென்ட் ஒன்று, மணல் நான்கு என்று கலந்து பூசி, ஏழு நாள் தண்ணீர் காட்ட வேண்டும். ஒப்பந்ததாரர் பட்டியலில் இந்தத் தண்ணீர் காட்டும் ஏழு நாள் எங்கேயும் இல்லை. அவருக்கு அடுத்த சைட் காத்திருக்கிறது. எனக்கு இருப்பது இந்த ஒரே சைட்.

எல்லாவற்றையும் நானே செய்வேன் என்று சொல்லவில்லை. வயரிங்கில் கை வைக்கமாட்டேன். லைசென்ஸ் உள்ள ஆளை வைத்துத்தான் செய்வேன், மின்கசிவைக் கண்டதும் துண்டிக்கும் பிரேக்கரும் போடச் சொல்வேன். தூணையும் தாங்கு சுவரையும் தொடமாட்டேன். ஹாலைப் பெரிதாக்கச் சுவரை இடிக்கும் யோசனை ஒப்பந்ததாரருடையதே தவிர என்னுடையதல்ல. மற்றபடி பட்டி பார்ப்பது, உப்புத்தாள் தேய்ப்பது, ரோலர் உருட்டுவது, குளியலறையில் உடைந்த டைல்ஸை மாற்றுவது: இதற்கெல்லாம் ரசமட்டமும் பொறுமையும் இருந்தால் போதும். பொறுமை தங்கள் கிளையிலேயே எனக்கு நிறையப் பயிற்சியாகிவிட்டது. அரசாங்கத்துக்கும் ஆட்சேபம் இல்லை. வெள்ளையடிக்கவும் பூசவும் தரை மாற்றவும் கட்டட அனுமதி கேட்பதில்லை. ஆட்சேபம் தங்கள் கட்டத்துக்கு மட்டும்தான்.

இப்போது இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒன்று ஒப்பந்ததாரரின் கொட்டேஷன். வழவழ லெட்டர்பேட், ஜிஎஸ்டி எண், வட்ட முத்திரை. தொகை 4 லட்சத்து 80 ஆயிரம். பெயின்ட் அடிக்கும் பரப்பளவில் கதவு, ஜன்னல் ஓட்டைகளைக் கழிக்கவே இல்லை. காற்றுக்கும் பெயின்ட் அடிக்கப்போகிறார். மற்றது என் மகளின் பழைய கோடு போட்ட நோட்டு. சிமென்ட் மூட்டை, பி-சாண்ட், பட்டி, பிரைமர், கொத்தனார் ஒருவருக்கு இரண்டு நாள் கூலி, எலக்ட்ரீஷியன், குழாய்ச் சாமான் என்று கடைக்காரர் விலையோடு எழுதியது. ஜன்னல் ஓட்டையைக் கழித்திருக்கிறேன். தொகை 1 லட்சத்து 35 ஆயிரம்.

தங்கள் வங்கி முதல் காகிதத்துக்குக் கடன் தரத் தயார். இரண்டாவதுக்கு இல்லை. நான் மூன்றரை மடங்கு கூடுதலாகக் கடன்பட்டால்தான் என்னை நம்ப முடியும் என்கிறீர்கள். வட்டி வாங்குபவர் கோணத்திலிருந்து பார்த்தால் இதில் ஒரு தர்க்கம் இருக்கிறது. அதைத் தாங்கள் வாய்விட்டுச் சொல்லாதது தங்கள் பெருந்தன்மை.

திருப்பிய விண்ணப்பத்தில் இரண்டாவது காரணமும் எழுதியிருந்தது: ‘மதிப்பீட்டு அறிக்கையின்படி வீடு நல்ல நிலையில் உள்ளது, பழுதுபார்க்கத் தேவை என்ன என்று விளக்கவும்.’ விளக்குகிறேன். தேவை என்ன என்றால், அறிக்கை எழுதியவர் கேட்டிலேயே நின்றுவிட்டார். நாங்கள் உள்ளே குடியிருக்க வேண்டியிருக்கிறது.

தங்களை மட்டும் குறை சொல்வது தர்மமில்லை. வருமான வரிச் சட்டமும் தங்கள் கட்சிதான். பழைய வரித் திட்டத்தில், நாமே குடியிருக்கும் வீட்டை வாங்க எடுத்த கடன் என்றால் வட்டியில் ஆண்டுக்கு 2 லட்சம் வரை கழிவு. அதே வீட்டைப் பழுதுபார்க்க எடுத்தால் 30,000 ரூபாய் வரைதான். புதிய திட்டத்துக்குப் போனால் அதுவும் இல்லை. ஆனால் இதே வீட்டை ஓதத்தோடும் கறையோடும் ஒருவருக்கு வாடகைக்கு விட்டேன் என்று வையுங்கள். சொத்து வரி போக மிஞ்சும் வாடகையில் 30 சதவீதத்தைக் கழித்துக்கொள்ளலாம். ஒரு ஆணிகூட அடித்திருக்க வேண்டியதில்லை, ரசீது கேட்க ஆளில்லை. வீட்டைப் பழுதுபார்க்காமல் வாடகைக்கு விடுகிறவன் சட்டத்தின் செல்லப்பிள்ளை. கரணையும் கையுமாகத் தன் வீட்டில் தானே ஏறி நிற்பவன் சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாத பூதம். 2025 செப்டம்பரில் சிமென்ட் மேல் இருந்த ஜிஎஸ்டியை 28 சதவீதத்திலிருந்து 18-க்கு இறக்கினார்கள். மத்திய அரசே பத்துப் படி இறங்கியிருக்கும்போது தாங்கள் ஒரு கட்டம் இறங்கக் கூடாதா?

வெறும் கையோடு கேட்கவில்லை. தங்கள் சிஸ்டம் எடுக்கும்படி என்னை மாற்றிக்கொள்ளவும் தயார். இன்றே ஒரு லெட்டர்பேட் அடிக்கச் சொல்லியிருக்கிறேன். நிறுவன உரிமையாளர் நான். டியூப்பில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும்போது மறுமுனையைப் பிடிக்கும் என் மனைவி சைட் இன்ஜினியர். “அங்க ஒரு சொட்டு வழியுது பாருங்க” என்று நாற்காலியில் உட்கார்ந்தபடி சொல்லும் மாமனார் தரக் கட்டுப்பாட்டு அதிகாரி. அவருக்குச் சம்பளம் காபி. கொட்டேஷனில் தொகையைக் கொஞ்சம் கூட்டிப் போட வேண்டும் என்றால் அதையும் செய்கிறேன். எத்தனை மடங்கு பொய் சொன்னால் நம்புவீர்கள் என்று எழுத்துமூலம் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

அது முடியாது என்றால் ஒரே ஒரு வேண்டுகோள். மதிப்பீட்டாளரை இன்னொரு முறை அனுப்புங்கள். இந்த முறை ஐப்பசியில், மழை பெய்யும் நாளில். செருப்பைக் கழற்றச் சொல்லமாட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் கடனாளியும் தன் வீட்டு ஒப்பந்ததாரருமான
ஒருவன்.

இணைப்புகள்:
1. செலவு நோட்டின் நகல் (பின்பக்கத்தில் உள்ள ஏழாம் வகுப்பு அறிவியல் படங்களைப் பொருட்படுத்த வேண்டாம்).
2. ஒப்பந்ததாரரின் கொட்டேஷன், ஜன்னல் ஓட்டைகளைச் சிவப்பு மையில் வட்டமிட்டது.
3. மேற்கு அறையில் உதிர்ந்த பூச்சு, உறையில் ஒரு கைப்பிடி. திறக்கும்போது ஏசியை அணைத்துவிடவும்.