முதலாளிக்கு ஒரு வெப்சைட்

கொழும்பு வெள்ளவத்தையில் கடை வைத்திருக்கும் எந்த முதலாளியிடமும் போய், "அண்ணை, உங்களுக்கு ஒரு வெப்சைட் வேணும்" என்று சொல்லிப் பாருங்கள். முதலில் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். பிறகு காலி வீதியைப் பார்ப்பார். "தம்பி, இந்த றோட்டில என்னைத் தெரியாத ஆக்கள் ஆர் இருக்கினம்?" என்பார்.

மறுமொழி சொல்ல முடியாத கேள்வி இது. அவரைத் தெரியாதவர் அங்கே உண்மையிலேயே இல்லை. மார்க்கெட் வாசலில் முருங்கைக்காய் விற்பவருக்குத் தெரியும். பஸ் கொண்டக்டருக்குத் தெரியும். கடன் கேட்டு வருபவர்களுக்கு வீட்டு இலக்கம் வரைக்கும் தெரியும். தெரியாத ஆள் ஒன்றே ஒன்றுதான். ரொறன்ரோவில் இருந்துகொண்டு, ஆவணியில் வெள்ளவத்தையில் நடக்கப்போகும் தங்கச்சியின் கலியாணத்துக்கு மணவறை, மாலை, பலகாரம், மேளம் எல்லாவற்றையும் போனில் தேடிக்கொண்டிருக்கிற பிள்ளை. காசு அந்தப் பிள்ளையிடம்தான் இருக்கிறது.

கடைகளின் வெப்சைட்டுக்குத் தமிழ் எழுதிக் கொடுப்பது என் பிழைப்புகளில் ஒன்று. ஆகவே இந்த விசயத்தில் நான் நடுநிலையானவன் என்று யாரும் நம்பவேண்டாம். ஆனால் மணிக்கூடு நடுநிலையானது. கோடை காலத்தில் ரொறன்ரோ எங்களைவிட ஒன்பதரை மணித்தியாலம் பின்னால் நிற்கிறது. அந்தப் பிள்ளை வேலையால் வந்து, சாப்பிட்டு, இரவு ஒன்பது மணிக்குப் போனைக் கையில் எடுக்கும்போது இங்கே விடியப்புறம் ஆறரை. முதலாளி அப்போது சாமிப்படத்துக்கு முன்னால் நிற்பார், அல்லது நித்திரையில் இருப்பார். அவர் கடை திறந்து, கல்லாப்பெட்டிக்குச் சாம்பிராணி காட்டி, "ஹலோ" சொல்லத் தயாராகும்போது அங்கே பிள்ளை குறட்டை விடுகிறது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் தவறவிட்டபடியே கலியாணமும் முடிந்துவிடும். இடையில் நித்திரை கொள்ளாமல் விலையும் விபரமும் சொல்லிக்கொண்டு யாராவது நிற்கத்தானே வேண்டும்? சம்பளமும் தேத்தண்ணியும் கேட்காமல் அப்படி நிற்கக்கூடியது வெப்சைட் ஒன்றுதான்.

அடுத்தது முகவரி. வெள்ளவத்தைக்காரர் முகவரி சொல்லும் அழகே தனி. "சவோய் தியேட்டரைத் தாண்டி வாங்கோ, முதல் ஒழுங்கை இல்லை, அதுக்கு அடுத்தது, முந்தி ஒரு பேக்கரி இருந்த இடம்." பேக்கரி மூடி எத்தனையோ வருசம். எப்போதோ ஊரை விட்டுப் போனவருக்கு ஹைலெவல் றோட்டும் தெரியும், ஹை ஸ்ட்ரீட்டும் தெரியும். அந்த ஹை ஸ்ட்ரீட்தான் சிங்கள நாவலாசிரியரின் பெயரில் டபிள்யூ. ஏ. சில்வா மாவத்தையாக மாறியது என்பது தெரியாது. அவருடைய மகளுக்குக் கூகிள் வரைபடம் காட்டுகிற பெயர் மட்டும்தான் தெரியும். அப்பாவும் மகளும் ஒரே முச்சக்கரவண்டியில் ஏறி, ஒரே கடையை இரண்டு வீதிகளில் தேடுகிறார்கள். மீற்றர் ஓடுகிறது. சொந்தத் தளத்தில் பழைய பெயர், புதிய பெயர், அந்தப் பேக்கரி மூன்றையும் ஒரே வரியில் எழுதிவைக்கலாம். கடைப்பலகையில் அதற்கு இடம் வராது. பல பலகைகளில் தொலைபேசி இலக்கமே இன்னும் பழைய ஆறு இலக்கத்தில்தான் நிற்கிறது. முன்னால் ஒரு 2 சேர்த்துக்கொள்வது வாடிக்கையாளரின் பொது அறிவைப் பொறுத்தது.

சரி, முதலாளி சம்மதித்துவிட்டார் என்று வையுங்கள். கஷ்டம் அதற்குப் பிறகுதான் தொடங்கும். வெப்சைட் திறந்தவுடன் நாதஸ்வரம் கேட்கவேண்டும் என்பார். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு ஆடிக்கொண்டிருக்க வேண்டும். கடை திறப்புவிழாவில் நாடா வெட்டிய அமைச்சரின் படம் வேண்டும். அவர் இப்போது எந்தக் கட்சியில் இருக்கிறார் என்பதை நாங்கள்தான் விசாரிக்கவேண்டும். "எம்மைப் பற்றி" பக்கத்தில் 'தரமே எமது தாரக மந்திரம்' என்று போடச் சொல்வார். காலி வீதியில் தரத்தைத் தாரக மந்திரமாக வைத்திருக்காத கடை ஒன்றைக்கூட நான் இதுவரை கண்டதில்லை. ஒரு சைவச் சாப்பாட்டுக்கடையின் "தொடர்புகளுக்கு" பக்கத்தில், காதில் ஹெட்செட் மாட்டிய வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கடைக்குப் போன் எடுத்தால், வடை பொரிக்கிற சத்தத்துக்கு நடுவே "ஆரது?" என்று ஒரு குரல்தான் வரும். அந்தக் குரலின் படத்தைப் போட்டிருந்தால் சனம் இன்னும் நம்பியிருக்கும்.

நாள் பார்ப்பதையும் விடமுடியாது. ஒரு நகைக்கடைக்காரர் ஐயரிடம் கேட்டு, வெள்ளிக்கிழமை காலை ஒன்பதேகாலுக்குத் தளத்தைத் திறப்பது என்று முடிவு செய்தார். எல்லாம் தயார். அப்போது அவருடைய மருமகன், நாலு எழுத்துப் படித்தவர், ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார். சேர்வர் நிற்பது சிங்கப்பூரில். அங்கே அப்போது பதினொன்றே முக்கால். வெள்ளியில் பத்தரை முதல் பன்னிரண்டு வரை ராகுகாலம். கொழும்பில் நல்ல நேரம், சிங்கப்பூரில் ராகுகாலம் என்றால் கடை எந்த ஊர்க் கணக்கில் திறக்கிறது? ஐயருக்கு மறுபடி போன் போனது. அவர் கொஞ்ச நேரம் யோசித்து, "கல்லாப்பெட்டி எங்க இருக்கோ அந்த ஊர் நேரத்தைப் பாருங்கோ" என்றார். இணையத் தொழில்நுட்பத்தில் நான் கேட்ட தீர்ப்புகளில் இதைவிடத் தெளிவானது வேறில்லை.

கொட்டாஞ்சேனையில் வேறு விதம். ஜம்பட்டா வீதிப் பக்கம் முதலாளிமார் நேரடியாகக் கேட்பார்கள்: "நமக்கு எதுக்கு தம்பி? பேஸ்புக் சும்மாதானே குடுக்குறான்?" சும்மா கொடுக்கிறவன் சும்மா பூட்டவும் செய்வான் என்பதை இந்த நாட்டில் புதிதாக யாருக்கும் சொல்லத் தேவையில்லை. 2018 மார்ச்சில் கண்டிப் பக்கம் கலவரம் வந்தபோது பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாவற்றையும் அரசு ஒரு கிழமை அளவுக்கு முடக்கியது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. குண்டு வெடித்த கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் கொட்டாஞ்சேனையின் வாசல்படி. அந்த நாளில் யாவாரத்தை யாரும் நினைக்கவில்லை, நினைத்திருக்கவும் முடியாது. ஆனால் அன்று தொடங்கிய சமூக ஊடக முடக்கம் மாதக் கடைசி வரைக்கும் இழுத்தது. 2022 ஏப்ரல் 3இல், ஜனங்கள் வீதிக்கு இறங்குகிறார்கள் என்று, மறுபடி ஒருமுறை. 2021 ஒக்டோபர் 4ஆம் திகதி அரசாங்கத்தின் உதவிகூடத் தேவைப்படவில்லை. உலகம் முழுக்க பேஸ்புக் நிறுவனத்தின் சேவைகள் தாங்களாகவே ஆறு மணித்தியாலம் படுத்துவிட்டன. பேஸ்புக்கில் மட்டும் கடை வைத்திருந்தவர்கள் அந்த நாட்களில் கதவு எங்கே இருந்தது என்றே தெரியாமல் நின்றார்கள். சொந்த முகவரியில் இருந்த தளங்கள் பாட்டுக்குத் திறந்து கிடந்தன.

வட்ஸ்அப்பின் புண்ணியத்தையும் கொஞ்சம் சொல்லவேண்டும். 2020 ஒக்டோபரில் கொட்டாஞ்சேனைப் பொலிஸ் பிரிவுக்குத் தனிமைப்படுத்தல் ஊரடங்கு போட்டார்கள். பலசரக்குக் கடைக்காரர் ஒருவருக்கு ஓடர்கள் கையெழுத்துப் படங்களாக வந்து விழுந்தன. அதில் ஒன்று இப்படி: "சீனி 1, பருப்பு 2, சவுக்காரம் போன முறை தந்தது, மற்றது வழமைபோல." பருப்பு இரண்டு என்றால் கிலோவா, பைக்கற்றா? வழமை என்றால் யாருடைய வழமை? அனுப்பியவரின் பெயர் இருந்த இடத்தில் ஒரு ரோஜாப்பூ. முதலாளி அந்த ரோஜாப்பூவுக்குப் பருப்பு கொடுக்க மூன்று மாடி ஏறினார், வேறு வீட்டுக்கு. ஒரு சாதாரண ஓடர் படிவம் பெயர், மாடி, கிலோ மூன்றையும் கேட்டபின்தான் ஆளை விடும்.

இனி எங்கள் தமிழின் தலைவிதி. பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்ததை அப்படியே கொண்டுவந்து தளத்தில் ஒட்டிவிடுவார்கள். பாமினிக்கு உள்ளே இருப்பது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்தான். அந்த எழுத்துரு உள்ள கணினியில் தமிழ்போலத் தெரியும், மற்றதில் பூனை விசைப்பலகையில் நடந்துபோனதுபோல் இருக்கும். 'தாலிக்கொடி வெள்ளவத்தை' என்று ரொறன்ரோப் பிள்ளை தேடினால் கூகிளுக்கு அங்கே தாலியும் தெரியாது, கொடியும் தெரியாது. யூனிகோட்டில் எழுதுங்கள் என்று சொன்னால், "அது கூடச் செலவோ?" என்று கேட்கிறார்கள். செலவே இல்லை. இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. இந்த நாட்டில் இணைய முகவரியையே தமிழில் எழுதலாம். .lk என்கிற ஆங்கில வால் 1990இலேயே வந்துவிட்டது. 2010இல் '.இலங்கை' என்று தமிழ் வாலும் கிடைத்தது. சண்டை பிடிக்காமல் இந்த நாட்டில் தமிழுக்குக் கிடைத்தவற்றுள் இதுவும் ஒன்று. காலி வீதியில் ஒரு கடைப்பலகையிலும் அதை நான் கண்டதில்லை.

கடைசியில், சிரிக்க முடியாத ஒரு கதை. மணவறை சோடிக்கும் கடை ஒன்று. தளத்தைப் பெறாமகன் செய்து கொடுத்தான், முகவரியைத் தன் பெயரிலேயே பதிந்தான், கனடாவுக்குப் போய்விட்டான். வருடாந்தக் கட்டணம் கட்டச் சொல்லி வந்த மின்னஞ்சல்கள் அவனுடைய பழைய பெட்டியில் கிடந்தன. முகவரி காலாவதியானது. யாரோ அதை வாங்கினார்கள். சில மாதங்களின் பின் ஒரு பெண் வீட்டார் மணவறை பார்க்க அந்தப் பக்கத்தைத் திறந்தால், சீட்டுக்கட்டும் சூதாட்டச் சக்கரமும் சுழன்றன. மாப்பிள்ளை வீட்டார் பக்கத்திலேயே இருந்தார்கள் என்று கேள்வி. நல்ல தளம் செய்பவர் கூலி வாங்குவது குத்துவிளக்கு ஆட்டுவதற்கு அல்ல. முகவரியை உங்கள் பெயரில் பதிந்து, கடவுச்சொல்லை உங்கள் கையில் தந்து, கட்டணம் எப்போது என்று நினைவூட்டுவதற்கு. பெறாமகனுக்குக் கொடுக்கும் கொத்துரொட்டியில் அது அடங்காது.

"கொம்பியூட்டர் எங்களுக்கு ஒத்துவராது" என்ற சாட்டு இனிச் செல்லாது. 2022 ஜூலையில் எரிபொருளுக்குக் கியூஆர் கொண்டுவந்தபோது அரசாங்கத்தின் வெப்சைட்டில் போய், வாகனத்தின் சேசி இலக்கம் வரை பதிந்து, பெற்றோல் அடித்தவர்கள்தான் இந்த முதலாளிமார் எல்லாரும். தேவை என்றால் வருகிறது.

ஆகவே முதலாளிமாரே, நாதஸ்வரம் பிறகு வரட்டும். கடை எத்தனை மணிக்குத் திறக்கும், போயாவுக்குத் திறக்குமா, வருசப்பிறப்புக்கு எத்தனை நாள் பூட்டு, வாகனம் எங்கே விடுவது, 0094 சேர்த்த தொலைபேசி இலக்கம், இவற்றை முதலில் போடுங்கள். விலையையும் போடுங்கள். பேஸ்புக்கில் சேலைப் படத்தைப் போட்டுவிட்டு, விலை கேட்டால் "இன்பொக்ஸுக்கு வாங்கோ" என்று கூப்பிட்டு, அங்கே போனால் "கடைக்கு வாங்கோ" என்கிற இடத்தில் நான் இனிச் சேலை எடுப்பதாக இல்லை.